ஒன்பதாம் நம்பர் ஆங்கர்

உயரம் எனக்கு ஆகாது. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால்கூட அண்ணன் வந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இது நன்றாகத் தெரிந்தும், பதினான்கு மாடி அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார் அண்ணி. அவர் துப்பறிவாளர், நான் உதவியாளர். வீட்டு உறவில் நான் அவருக்குக் கொழுந்தன். இரண்டு பதவியிலும் மறுபேச்சுக்கு இடமில்லை என்பதால் முணுமுணுத்துக்கொண்டே படியேறினேன்.

காலை பத்து மணிக்கு ஒரு தையல்காரம்மா எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தாள். விரலில் சாக்குப்பொடி, தோளில் அளவு டேப். கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். பதினோரு நாளுக்கு முன் இந்தக் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தவன் அவள் கணவன். கயிற்றில் தொங்கி வெளிக்கண்ணாடி துடைக்கிற தொழில். அன்று அவன் தொங்கக்கூட இல்லை. மாடி விளிம்பில் குனிந்து கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தபோதே போய்விட்டான். உடம்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது, பெல்ட்டிலிருந்து போகும் வாரின் நுனியில் கொக்கி இருந்தது, கொக்கி வெறுமையாக இருந்தது. மாடியில் பதித்திருக்கும் ஆங்கரில் கொக்கியை மாட்ட மறந்துவிட்டான் என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள்.

அவள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது. “எங்க வீட்டுத் துணிக்கொடியையே ரெண்டு இடத்துல முடிச்சு போடுறவர் மேடம் அவர். மாட்டாம விளிம்புக்குப் போக மாட்டார். அவர் மாட்டித்தான் இருந்தார்னா, மாட்டின இடம் சரியில்லைன்னு அர்த்தம். இன்னிக்கு மூணு மணிக்கு என் தம்பி அதே பக்கத்துல இறங்குறான்.”

தம்பியிடமே சொல்லிப் பார்த்தாயா என்று அண்ணி கேட்டார். சொன்னாளாம். மச்சான் மறந்துட்டார்க்கா, அதை ஏத்துக்கோ என்று அவன் அவளைத்தான் தேற்றினானாம். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் சிலந்தி. உள்ளூரில் அவனைப்போலச் சுவரில் ஓடுகிறவன் இல்லையாம். அண்ணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார், எழுந்தார். பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து ஆய்வு செய்தவர். அவர் எழுந்துவிட்டால் வழக்கு எங்களுடையது.

மொட்டைமாடியில் காற்று பேசவிடவில்லை. சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்தான். அதற்கு இரண்டு கை நீளம் உள்ளே, தரையில் ஒரு மஞ்சள் பட்டை அடித்திருந்தது. பட்டையைத் தாண்டினால் கொக்கி மாட்டியே ஆகவேண்டும் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஆங்கர்கள். மேற்குப் பக்கம் ஏழு, கிழக்குப் பக்கம் ஏழு. தரையில் உள்ளங்கை அகல இரும்புத் தட்டு, அதன் நடுவில் தடித்த நட்டு, நட்டின்மேல் கொக்கி போடும் வளையம். இவ்வளவுதான் வெளியே தெரிவது. ஒவ்வொன்றிலும் ஒரு தகர வில்லை: நம்பர், சோதனைத் தேதி, ‘பாஸ்’. காற்றில் பதினான்கு வில்லைகளும் தட்டில் மோதி டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தன. யாரோ கதவைத் தட்டி உள்ளே விடச் சொல்வதுபோல எனக்குப் பட்டது.

கட்டட மேனேஜர் எங்களுக்காகவே காத்திருந்தார். கையில் தோல் பை, பைக்குள் ஃபைல். மரியாதையான மனிதர். அண்ணி கேட்பதற்கு முன்பே ஆங்கர் சோதனைச் சான்றிதழை எடுத்து நீட்டினார். அண்ணி பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மேற்குப் பக்க ஆங்கர் ஒன்றில் கொக்கியைப் போட்டுவிட்டுப் பட்டைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மேனேஜர் பட்டையின் ஓரத்திலேயே நின்று, உடம்பை வளைத்துக் கையை மட்டும் நீட்டிக் காகிதத்தைக் கொடுத்தார். நான் அவருக்குப் பக்கத்தில், இன்னும் ஒரு அடி உள்ளே தள்ளி நின்றேன்.

கீழே விழுந்தவனை முதலில் பார்த்தது யார் என்று அண்ணி கேட்டார். மேனேஜர்தானாம். சரக்கு இறக்கும் பின்முற்றத்தில் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். வாட்ச்மேன் வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கிறது. கொக்கி எங்கே இருந்தது என்றதற்கு, வாரோடு தரையில் கிடந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தப்பு ஏதாவது இருந்தால் அது ஆங்கரைச் சோதனை செய்தவர் பொறுப்பு, நாங்கள் அவர் கையெழுத்தை நம்பினோம் என்றார். கேட்காமலே அவருடைய விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

“தம்பி, பதினாலையும் போட்டோ எடு. நட்டுல சிவப்புக் கோடு ஒண்ணு இருக்குல்ல, அது தெரியணும்.”

“சரி அண்ணி.”

“கிட்டப் போய் எடு.”

“ஜூம்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க அண்ணி. எனக்காகவே.”

பட்டைக்கு உள்ளேயே நடந்து பதினான்கையும் எடுத்தேன். மேற்குப் பக்கம் வெறும் சிமெண்ட் தளம். கிழக்குப் பக்கம் கறுப்பு ஷீட் ஒட்டியிருந்தது. மழைநீர் கசிவுக்காக என்றார் மேனேஜர். எப்போது ஒட்டியது என்றேன், சும்மா பேச்சுக்குத்தான். அதெல்லாம் முன்னாடியே என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

படங்களை அண்ணியிடம் காட்டினேன். அவர் முகம் சுளித்தார். மேற்குப் பக்கத்து ஏழு படத்திலும் சிவப்புக் கோடே தெரியவில்லை, நட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்து ஏழில் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பாதிக்குப் பாதி பழுது, உன்னை நம்பிப் படம் எடுக்கச் சொன்னேனே என்று திட்ட ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஒன்பதாம் நம்பர் ஆங்கருக்குப் பக்கத்தில் வந்து, ஒரு கால் மடக்கி, கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த ஆங்கருக்கு நேர் கீழேதான் தையல்காரம்மாவின் கணவன் விழுந்து கிடந்தான். ஆங்கர் கெட்டியாக, புத்தம் புதிதுபோல, தகர வில்லையோடு நின்றுகொண்டிருந்தது.

கீழே வந்ததும் அண்ணி வண்டியை நேராகச் சோதனைக்காரரின் பட்டறைக்கு விடச் சொன்னார். லேத் பட்டறைகள் நெருக்கியடித்த தெரு. ஆங்கரை இழுத்துப் பார்ப்பதுதான் அவர் தொழில் என்பதால் தெருவே அவரை இழுவைக்காரர் என்று கூப்பிட்டது. அறுபதை நெருங்கும் மனிதர். கட்டடத்தில் ஆள் விழுந்த நாளிலிருந்து யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஏற்கனவே எண்ணெய் போட்ட கருவிக்கு மறுபடியும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கருவி நான்கு கால் முக்காலி மாதிரி இருந்தது என்று நான் சொன்னதற்கு அண்ணி முறைத்தார். சரி, நாற்காலி. நான்கு இரும்புக் கால்களை ஆங்கரைச் சுற்றி ஊன்றி, நடுவில் உள்ள கொக்கியை வளையத்தில் மாட்டி, கைப்பிடியை அடித்து அடித்து மேலே இழுப்பாராம். எட்டு ஆள் சேர்ந்து தொங்குகிற கனம் ஏறும்வரை இழுத்து அப்படியே நிறுத்துவார். மீட்டரில் முள் ஒரு நூல் இறங்கினாலும் அந்த ஆங்கர் ஃபெயில். தேறிவிட்டால், நட்டிலிருந்து தட்டு வரைக்கும் ஒரே இழுப்பில் சிவப்பு பெயிண்ட் கோடு. பிறகு யாராவது நட்டைத் திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது சுவரில் தொங்கிய பெல்ட்டை எடுத்து நான் மாட்டிப் பார்த்தேன். வாரும் கொக்கியும் முழங்காலில் இடித்தன. இழுவைக்காரர் எழுந்து வந்து, கொக்கியைத் தூக்கி என் மார்பில் இருந்த சின்ன வளையத்தில் மாட்டினார்.

“ஆங்கர்ல போடாத கொக்கியை இங்கதான் மாட்டணும். தொங்க விட்டா கால்ல சிக்கும். முதல் நாள் வேலைக்கு வர்றவன்கூட தொங்க விட மாட்டான்.”

அண்ணி நிமிர்ந்தார். “மாட்ட மறந்துட்டார்னா, கொக்கி மார்புலதானே இருந்திருக்கணும். தரையில எப்படிக் கிடக்கும்?”

தரையில் கிடந்த கொக்கி என்றால், அதை எதிலிருந்தோ யாரோ கழற்றியிருக்க வேண்டும். விழுந்து கிடந்தவன் கழற்ற முடியாது.

பட்டறை மூலையில் பழகிப் பார்ப்பதற்காக ஒரு கான்கிரீட் கட்டியில் ஆங்கர் ஒன்றைப் பதித்து வைத்திருந்தார். அண்ணி என் கையில் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்தார். அந்தச் சுவர் இருக்கும் பக்கம் மாடி விளிம்பு என்று வைத்துக்கொள், அதற்கப்புறம் பதினான்கு மாடிப் பள்ளம், இப்போது கோடு போடு என்றார். நான் விளிம்புக்கு எதிர்ப்பக்கம் மண்டியிட்டேன். வேறு எங்கே மண்டியிடுவேன். நட்டில் சாக்கை வைத்து என்னை நோக்கி இழுத்தேன். கோடு உள்பக்கம் திரும்பி நின்றது.

இழுவைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தெருவில் பத்து நாளாக அவர் சிரித்திருக்க மாட்டார். கட்டியைச் சுற்றிப்போய், விளிம்பு என்று சொன்ன சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் இழுத்த கோடு சுவரைப் பார்த்து நின்றது.

“உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தா எல்லா ஆங்கரும் நல்லாத்தான் தெரியும் மேடம். கயித்தைக் கட்டிக்கிட்டு வெளிப்பக்கம் போகணும். முதுகுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லாம உட்காரணும். அப்பதான் ஒழுங்கா பார்ப்போம். முப்பது வருஷமா என் கோடு விளிம்பைப் பார்த்துத்தான் நிக்கும்.”

அண்ணி என் போனை அவரிடம் கொடுத்தார். மேற்குப் பக்கத்துப் படங்களில் கோடு நட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததன் காரணம் அப்போதுதான் என் மண்டைக்கு எட்டியது. அவை விளிம்பைப் பார்த்த கோடுகள். உள்ளே நின்று எடுத்தவனுக்குத் தெரியாது. கிழக்குப் பக்கத்து ஏழும் என்னைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. நான் சாக்கில் போட்ட கோட்டுக்கு உடன்பிறந்தவை.

“இந்த ஏழும் என் கோடு இல்ல,” என்றார் இழுவைக்காரர். “யாரோ நட்டைக் கழட்டிட்டு மறுபடி போட்டிருக்காங்க.” படத்தை விரலால் பெரிதாக்கினார். முகம் மாறியது. “இது என்ன, தரை கறுப்பா இருக்கு?”

கசிவுக்கு ஒட்டிய ஷீட் என்றேன். நாலு மாதத்துக்கு முன் அவர் சோதனை செய்தபோது அங்கே ஷீட்டே கிடையாதாம். இரண்டு பக்கமும் வெறும் சிமெண்ட். போனை மேசையில் மெல்ல வைத்துவிட்டு, கான்கிரீட் கட்டியைக் காட்டி விளக்கினார். தட்டும் நட்டும் வெறும் தலைதான். உயிர் இருப்பது கீழே, தளத்துக்குள் ஒரு முழம் இறங்கிப் பசையில் உறைந்திருக்கும் இரும்புத் தண்டில். ஷீட் விரிக்கிறவர்களுக்கு அந்தத் தண்டு இடைஞ்சல். முறைப்படி தண்டைச் சுற்றி வெட்டி ஒட்ட வேண்டும், ஏழு தண்டுக்கும் நாள் பிடிக்கும். அவசரக்காரன் செய்கிற வேலை வேறு. தண்டைத் தரையோடு அறுத்துவிட்டு, ஷீட்டை விரித்து, தட்டை மட்டும் மேலே வைத்துத் தாரும் பசையும் போட்டு ஒட்டிவிடுவான். கையால் ஆட்டினால் ஆடாது. பார்வைக்குப் புதுசாக இருக்கும்.

கடிகாரத்தில் மணி ஒன்று இருபது. அண்ணி தையல்காரம்மாவுக்குப் போன் போட்டு, தம்பியை இறங்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அடுத்த நிமிஷமே அவள் திரும்பக் கூப்பிட்டாள். அவன் போன் எடுக்கவில்லையாம். கூட வேலை செய்கிறவரிடம் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் காற்று ஏறும், சீக்கிரம் முடியுங்கள் என்று மேனேஜர் சொன்னதால் ஒரு மணிக்கே இறங்கிவிட்டானாம்.

அண்ணி மேனேஜரைக் கூப்பிட்டார். கிழக்குப் பக்கத்து ஆங்கர் எதையும் நம்பக்கூடாது, தொங்குகிறவனை உடனே பத்திரமாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள் என்றார். சரி மேடம், பார்த்துக்கறேன் என்றார் அவர். அண்ணி போனை வைத்துவிட்டு வண்டியை நோக்கி ஓடினார். வண்டியில் இழுவைக்காரர் பின் சீட்டில் கயிற்றுச் சுருளை மடியில் வைத்து முடிச்சுகளை இப்போதே போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓட்டின ஓட்டத்துக்கு வேறொரு நாளாயிருந்தால் அண்ணி என் காதைத் திருகியிருப்பார்.

மாடிக்கு வந்தபோது தகர வில்லைகள் காலையைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. கயிறு பார்க்கிற ஆள் ஒருவர் கிழக்குப் பக்கம் கொக்கி மாட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கயிறுகள் சுவரைத் தாண்டி விறைப்பாக இறங்கியிருந்தன. ஒன்று பத்தாம் நம்பரில், இன்னொன்று பதினொன்றில். மேனேஜர் படிக்கட்டுக் கதவை ஒட்டி நின்றிருந்தார். யாராவது உங்களிடம் ஏதாவது சொன்னார்களா என்று அண்ணி கயிற்றுக்காரரைக் கேட்டார்.

“இல்லையே மேடம். எந்த நம்பர்ல கட்டணும்னு மட்டும் சார் சொன்னாரு.”

அண்ணி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததோடு சரி, அதற்கு நேரமில்லை. இழுவைக்காரர் கயிற்றுக்காரரின் கொக்கியைக் கழற்றி, மேற்குப் பக்க ஆங்கரில் கட்டிக் கொண்டுவந்த நீள வார் ஒன்றுக்கு மாற்றினார். பிறகு பத்தாம் நம்பருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துத் தள்ளினார். காகிதம் தட்டுக்கு அடியில் போயிற்று. பாதிவரை போயிற்று. அவர் அதை இழுக்கக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

மேற்குப் பக்கத்து மூன்றாம் நம்பரிலிருந்தும் நாலாம் நம்பரிலிருந்தும் கயிறு கொண்டுவந்து, தொங்குகிறவனுடைய இரண்டு கயிற்றிலும், கனம் விழுந்தால் தானே இறுகிக்கொள்ளும் பிடி முடிச்சு போட்டு இறுக்க வேண்டும். அதுவரைக்கும் அவன் அசையக் கூடாது. கண்ணாடி துடைக்கிறவன் ஒரு கண்ணாடியிலிருந்து அடுத்ததற்குப் போகச் சுவரை உதைத்து ஊஞ்சல் ஆடுவான். ஒரு உதை போதும். முடிச்சுக்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணி நீளக் கயிற்றை மாடியின் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடினார். மிச்சம் இருந்தது நான்.

“தம்பி, சுவர்கிட்டப் போ. அவன்கிட்ட பேசு.”

இந்த முறை ஜூம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இழுவைக்காரர் மேற்குப் பக்க ஆங்கரில் கட்டிய இன்னொரு வாரை என் இடுப்பில் மாட்டித் தள்ளினார். மஞ்சள் பட்டையை நான் தவழ்ந்து கடந்தேன். வயிறு தரையில் உரச, கண்ணை மூடிக்கொண்டு சுவர் வரைக்கும் போய், தலையை வெளியே நீட்டிய பிறகுதான் திறந்தேன். நாலு மாடி கீழே ஒரு மஞ்சள் தலைக்கவசம். அதற்கும் கீழே தீப்பெட்டி அளவில் லாரிகள். என் உடம்பில் இருந்த எலும்பெல்லாம் ஊறப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவன் வாளியைக் கண்ணாடி ஓரம் தள்ளிவிட்டு, உதைப்பதற்காக முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தான்.

“சிலந்தி, உதைக்காதே.”

தலைக்கவசம் நிமிர்ந்தது. இருபத்தைந்து வயது முகம், சிரித்தது. “யார் சார் நீங்க?”

“உங்க அக்கா அனுப்பின ஆளு. காலை அந்த விளிம்புல வை. கையால எதையாவது பிடிச்சுக்க. கயித்துல கனம் கொடுக்காதே.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே சிரிப்பு போய்விட்டது. இரண்டு பாதத்தையும் ஜன்னல் விளிம்பில் ஒரு விரல் அகலத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தை நுனிவிரலால் பற்றினான். அதற்குப்பின் அவன் என்னையே பார்த்தான், நான் அவனையே பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்காவின் கடையில் எத்தனை மெஷின் என்று கேட்டேன். ரெண்டு சார், ஒண்ணு ரிப்பேர் என்றான். வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் வந்தது. ஈரத் தரையில் ஒட்டின ரப்பர் செருப்பைப் பிய்த்தெடுக்கிற சத்தம். பத்தாம் நம்பர் தட்டு தரையை விட்டு எழுந்து, கயிற்றோடு என் தோளை உரசிச் சுவரை நோக்கிப் பாய்ந்தது. கீழே சிலந்தியின் கால் விளிம்பிலிருந்து வழுக்கியது. பதினொன்றும் பிய்ந்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. தட்டு சுவரில் மோதுவதற்கு ஒரு சாண் முன்னால் கயிறு வெட்டி இழுத்து நின்றது. பிடி முடிச்சு பிடித்துக்கொண்டது. மாடியின் குறுக்கே, மூன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும் அவன் கனத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றன. விளிம்பைப் பார்த்துக் கோடு போட்ட ஆங்கர்கள்.

எட்டு நிமிடத்தில் அவனைத் தரையில் இறக்கினார்கள். மேலிருந்து பார்த்தபோது அவன் முற்றத்தில் நின்றான், பிறகு உட்கார்ந்தான், பிறகு படுத்துக்கொண்டான். நான் தவழ்ந்தே உள்ளே வந்தேன். என் கன்னம் நனைந்திருந்தது. காற்றில் தூசி என்று சொல்லிக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை.

இழுவைக்காரர் பத்தாம் நம்பர் தட்டை எடுத்துப் புரட்டி மேனேஜர் முன்னால் வைத்தார். அடியில் கறுப்புப் பசை. நடுவில் அறுத்த தண்டின் வட்டம், காசு மாதிரிப் பளபளத்தது. ஒரு விரற்கடை நீளம்கூட இல்லை.

மேனேஜர் உடனே சமாளித்தார். ஷீட் ஒட்டியவர்கள் செய்த அயோக்கியத்தனம், எனக்கு எதுவும் தெரியாது, இன்றைக்கே புகார் கொடுக்கிறேன் என்றார். பேச்சு சரளமாகத்தான் வந்தது. அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் பெல்ட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

“ஒன்பதாம் நம்பர் இன்னும் நிக்குது சார். அது நல்ல ஆங்கர், அவர்தான் மாட்ட மறந்துட்டார்னுதானே விசாரணையில எழுதியிருக்கு. இதைப் போட்டுக்கிட்டு, ஒன்பதுல கொக்கியை மாட்டி, அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டு வாங்க. நாங்க கிளம்பிடறோம்.”

மேனேஜர் பெல்ட்டைப் பார்த்தார். மஞ்சள் பட்டையைப் பார்த்தார். அவருடைய ஷூ நுனி பட்டையின் உள் ஓரத்தில் இருந்தது. காலையிலிருந்து அது பட்டையைத் தாண்டவே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் என் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தாரே, என்னைப் போலவே. நான்கூட உள்ளூர ஆறுதல்பட்டேனே.

“இந்த ஏழு கோட்டையும் போட்டவருக்கு விளிம்புன்னா பயம்,” என்றார் அண்ணி, சாதாரணமாக. “கயித்துல தொங்குறவங்களுக்கு அது இருக்காது. இவருக்கும் இருக்காது. மாடிச் சாவி வச்சிருக்கிற இன்னொருத்தர் நீங்கதான். போங்க சார். நல்ல ஆங்கர்தானே.”

வில்லைகள் டக் டக்கென்று அடித்தன. மேனேஜர் உதட்டை நனைத்துக்கொண்டார். “ஒன்பது மட்டும்தான் சரியா ஒட்டலைன்னு நெனச்சேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டிருக்கும். அந்த வாக்கியத்தின் பயங்கரம் எனக்கு உடனே பிடிபடவில்லை. மெல்ல மெல்லத்தான் இறங்கியது. ஒன்று பிய்ந்து ஓர் ஆள் செத்தபிறகும், மற்ற ஆறும் தாங்கும் என்று நம்பி, நம்பரையும் சொல்லி ஒருவனை இறக்கியிருக்கிறார். போனில் சொன்ன பிறகும் வாயைத் திறக்காமல் கதவோரம் நின்றிருக்கிறார். ஏற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காக.

மிச்சத்தை அண்ணி சொல்லச் சொல்ல அவர் மறுக்கவில்லை. மேல் மாடி ஆபீசில் தண்ணீர் சொட்டியது, திறப்பு விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது, அறுத்துவிடச் சொன்னது அவர். மறு சோதனைக்கு ஆள் வந்தால் வெளிப்பட்டுவிடும் என்று சிவப்பு பெயிண்ட் வாங்கிவந்து, உள்பக்கம் மண்டியிட்டு, ஏழு கோடும் போட்டது அவர். பதினோரு நாளுக்கு முன் பின்முற்றத்துக்கு ஓடியதும் அவர்தான். விழுந்து கிடந்தவனின் கொக்கியில் ஒன்பதாம் நம்பர் தட்டு அப்படியே மாட்டியிருந்தது. வாட்ச்மேன் வருவதற்குள் அதைக் கழற்றி இதே தோல் பைக்குள் போட்டு, மேலே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். கழற்றிய கொக்கியை மார்பு வளையத்தில் மாட்டவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அவர் வாழ்நாளில் அந்த பெல்ட்டைப் போட்டதில்லை.

அண்ணி போலீசுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய இன்னொரு போன் என் பையில் அடித்தது. தையல்காரம்மா. தம்பி கீழேயிருந்து பேசிவிட்டானாம், உயிரோடு இருக்கிறானாம். அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அவரு மாட்டித்தானே இருந்தாரு?”

“மாட்டித்தான் இருந்தாரும்மா. ஒழுங்கா மாட்டியிருந்தாரு.”

மறுமுனையில் அவள் இப்போதுதான் அழுதாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிவிட்டு, இன்னொரு வேலை சொன்னாள்.

“இதை முதல்ல என் தம்பிகிட்ட சொல்லுங்க சார். மச்சான் மறந்துட்டாருன்னு அவனும் நம்பிட்டான்.”

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பதினான்கு மாடியும் படியிலேயே இறங்கினேன்.